செத்த மீனும் எதிர்நீச்சல் போடும்: பாலத்தூணடியில் ஓர் இயற்பியல்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செசபீக் விரிகுடாவில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் பாலத்தூண்களைச் சுற்றியே தூண்டில் வீசுகிறார்கள். அவ்வளவு பெரிய தண்ணீரில் மீனுக்கு வேறு இடமா இல்லை?"

இடம் நிறைய இருக்கிறது. ஆனால் தூணடியில் சாப்பாடு கிடைக்கிறது, நிழல் கிடைக்கிறது, கொஞ்சம் ஓசி சவாரியும் கிடைக்கிறது. நிழலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, சாப்பாட்டை வேகமாகச் சொல்லிவிட்டு சவாரிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஸ்ட்ரைப்டு பாஸ் வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை மீன். வெள்ளி உடம்பில் நீளவாக்கில் ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும். கடலில் வளர்ந்து, வசந்த காலத்தில் நன்னீருக்கு ஏறி முட்டையிடும். செசபீக்கில் விழும் ஆறுகள்தான் அதன் முக்கியமான பிறந்த வீடு. 2011-இல் கனெக்டிகட் கரையோரம் தூண்டிலில் சிக்கிய ஒன்று 37 கிலோ இருந்தது. நம்மூர் கொடுவாவும் இதுவும் வேறு வேறு குடும்பம் என்றாலும், மறைவில் நின்று இரை கிட்ட வந்ததும் பாய்கிற குணம் இரண்டுக்கும் உண்டு.

விரிகுடா கடலோடு சேரும் வாயில், 1964-இல் திறக்கப்பட்ட பாலமும் சுரங்கமுமாகச் சுமார் 28 கிலோமீட்டருக்கு ஒரு சாலை போகிறது. அதைத் தாங்கி நிற்பவை ஆயிரக்கணக்கான தூண்கள். அவற்றில் சிப்பியும் பாசியும் ஒட்டும். அதைத் தேடி நண்டும் பொடிமீனும் வரும். அவற்றைத் தேடி பாஸ் வரும். சாப்பாட்டுக் கதை இவ்வளவுதான்.

இனி சவாரி. ஓடும் நீரில் ஒரு தூணை நட்டால், அதன் பின்னால் தண்ணீர் சும்மா குழம்பாது. வலப்பக்கம் ஒரு சுழல் பிரியும், அடுத்து இடப்பக்கம் ஒன்று, மறுபடி வலம் என்று மாறி மாறி, எதிரெதிர்த் திசையில் சுற்றியபடி வரிசையாகக் கிளம்பிப் போகும். இதற்குக் கார்மன் சுழல் வரிசை என்று பெயர். எத்தனை நேரத்துக்கு ஒரு ஜோடி கிளம்பும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: நீரின் வேகத்தைத் தூணின் அகலத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால், ஒரு விநாடிக்கு எத்தனை ஜோடி என்று ஏறத்தாழ வந்துவிடும். விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டம், 30 சென்டிமீட்டர் தூண் என்றால் ஒன்றரை விநாடிக்கு ஒரு ஜோடி.

2003-இல் ஜேம்ஸ் லியாவோவும் கூட்டாளிகளும் ஹார்வர்டில் ஓடுநீர்த் தொட்டி ஒன்றில் 5 சென்டிமீட்டர் அகல உருளையை நிறுத்தி, அதன் பின்னால் ட்ரவுட் மீன்களை விட்டார்கள். மீன்கள் வழக்கமான வாலடிப்பை நிறுத்திவிட்டன. சுழல்களுக்கு நடுவே உடம்பை அகலமாக வளைத்து நெளித்து, சுழல் வரும் தாளத்துக்கே ஆடிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றன. தசைகளில் மின்முனை செருகிப் பார்த்தால் வேலை செய்வது முன்பக்கத் தசை மட்டும்தான், அதுவும் கொஞ்சமாக. உடம்பின் பின்பாதி ஏறக்குறைய ஓய்வில் இருக்கிறது.

அப்படியானால் மீனை நகர்த்துவது யார்? இதைப் பார்க்க அவர்கள் செத்த ட்ரவுட் ஒன்றைத் தூண்டில் நரம்பில் கட்டி உருளைக்குப் பின்னால் விட்டார்கள். அந்தப் பிணம் நெளிந்தது, ஓட்டத்தை எதிர்த்து முன்னேறியது, கட்டிய நரம்பு தொய்ந்து போகும் அளவுக்கு! மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சுழலும் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மீனின் உடம்பில் அந்த நீர் நேராக வராமல் சாய்வாக வந்து மோதுகிறது. சாய்வாக வரும் காற்றைப் பிடித்துப் பாய்மரப் படகு காற்றுக்கு எதிரே ஏறுவதுபோல, அந்த மோதலில் ஒரு பங்கு முன்னோக்கிய தள்ளலாக மாறுகிறது. இளகிய உடம்பு, சரியான தாளம், இரண்டும் இருந்தால் உயிர்கூடத் தேவையில்லை.

இதற்காக லியாவோவுக்கு 2024-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது. நம்மில் பலர் சிரிப்போடு நின்றுவிடுவோம். "செத்த மீனை நீந்த வைக்கவா நிதி?" என்று கேட்பதற்கு எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார்கள். ஆனால் அணையைத் தாண்டி மீன் ஏறும் படிக்கட்டை எப்படிக் கட்டுவது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் நீரடி இயந்திரத்தை எப்படி அமைப்பது என்று கேட்டால் பதில் இந்தத் தொட்டியில்தான் தொடங்குகிறது. பயன் என்ன என்று முதல் நாளே எழுதிக் கொடு, பிறகு பணம் தருகிறேன் என்பது ஆராய்ச்சிக்குச் சரிப்பட்டு வராது என்பது என் கட்சி.

ட்ரவுட்டின் கணக்கைப் பாஸுக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டியில் உருளையின் அகலம் மீனின் நீளத்தில் ஏறக்குறைய கால்வாசி முதல் பாதி வரை இருந்தது. 80 சென்டிமீட்டர் பாஸுக்கு அப்படியானால் 20 முதல் 40 சென்டிமீட்டர் தூண் தோதானது. படகுத்துறைகளின் மரத்தூண்கள் அந்த அளவில் வரும். விரிகுடாப் பாலத்தின் கான்கிரீட் தூண்களோ ஒரு மீட்டருக்கு மேல். அவற்றின் பின்னால் வரும் சுழல் மீனைவிடப் பெரிது, அதில் ஆட முடியாது, புரட்டித்தான் போடும். ஆனால் தூணுக்கு முன்னால், ஓட்டம் வந்து முட்டும் இடத்தில், தண்ணீர் தேங்கி வேகம் குறைகிறது. தொட்டி ட்ரவுட்களும் சில நேரம் உருளைக்கு முன்னால் போய் நின்றன. புதிதாக வருகிறவர்கள் தூணின் பின்புறம் மட்டும் வீசிவிட்டு வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். பெரிய தூணில் முகத்தையும் பக்கவாட்டையும் முதலில் பாருங்கள்.

இரவில் நிழலும் சேர்ந்துகொள்ளும். பால விளக்கு நீரில் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடு கிழிக்கும். பாஸ் இருட்டுப் பக்கம், ஓட்டத்தைப் பார்த்து நிற்கும். வெளிச்சத்துக்குப் பழகிய பொடிமீனின் விழித்திரை இருட்டுக்கு மாறப் பல நிமிடம் பிடிக்கும். ஓட்டம் அதை ஒரு நொடியில் கோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து விடுகிறது.

தூண்டில் முறை இதிலிருந்தே வருகிறது. இரை எப்போதும் ஓட்டத்தோடுதான் வரும், எனவே தூணுக்கு மேலோட்டத்தில் வீசி, ஜிக்கை (ஈயத் தலை வைத்த போலி இரை) மிதந்து வர விட்டு, தொய்வை மட்டும் சுற்றியெடுக்க வேண்டும். ஓட்டத்துக்குத் தக்கபடி 14 முதல் 60 கிராம் வரை ஜிக் எடை மாறும். அவ்வப்போது தரையைத் தொட்டால் எடை சரி. தூண்டில் நரம்பு, பல இழை பின்னிய வகையாக இருக்கட்டும். 30 பவுண்டு தாங்கும் சாதாரண ஒற்றை இழைத் தங்கூஸ் சுமார் 0.55 மில்லிமீட்டர் தடிமன், அதே பலத்துக்குப் பின்னல் 0.28. நீர் இழுக்கும் விசை தடிமனோடு கூடுவதால், பாதித் தடிமனில் ஜிக் எளிதாக ஆழம் போகும். பின்னல் நரம்பு சிப்பியில் உரசினால் அறுந்துவிடும், அதனால் நுனியில் ஒரு மீட்டர் புளோரோகார்பன் லீடர், அதாவது உரசலைத் தாங்கும் முன்நரம்பு. ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் தடையை, இறுக்கமாக வையுங்கள். கடித்த மீன் முதலில் செய்வது தூணைச் சுற்றி ஓடுவதுதான்.

இரையாக உயிர் விலாங்கு போட்டால் வட்ட முள் கட்டாயம். அது தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும், விடப்படும் மீன் பிழைக்கும். 2023 முதல் கடலோரத்தில் 71 முதல் 79 சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஒரு மீனைத்தான் வைத்துக்கொள்ளலாம், ஆகவே பெரும்பாலானவை விடப்படும் மீன்களே.

அமெரிக்க மீனவர்களில் பலர் படகில் வாழைப்பழம் ஏற்ற மாட்டார்கள், ராசி இல்லையாம். அது வெறும் நம்பிக்கை. ஆனால் அமாவாசை, பௌர்ணமிக்கு மீன் நன்றாகக் கடிக்கும் என்று அதே ஆட்கள் சொன்னால் தள்ளிவிடாதீர்கள். அன்று சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றவற்றம் பெரிது, ஓட்டம் வேகம், தூணோரத்தில் ஒதுங்க மீனுக்குக் காரணம் அதிகம். ஏற்றம் நின்று வற்றம் தொடங்கும் இடைவெளியில் ஓட்டமே இருக்காது, மீன் கலைந்துவிடும். ஓட்டம் திரும்பியதும் தூணின் முகமும் முதுகும் இடம் மாறும், நீங்களும் படகை மறுபக்கம் கொண்டுபோக வேண்டும்.