லேண்ட்ஸ்கேப்: இயற்கைக் காட்சியா, நிலக்காட்சியா?

பள்ளிக்கூட ஓவிய நோட்டில் இதற்குப் பெயர் 'சீனரி'. இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை, பக்கத்தில் ஓட்டு வீடு, வானத்தில் டிக் அடித்தது போல நாலு காக்கை. கொஞ்சம் பெரிய வகுப்புக்குப் போனால் 'இயற்கைக் காட்சி'. ஓவியக் கண்காட்சிக்குப் போனால் 'லேண்ட்ஸ்கேப்'. பத்திரிகைகளில் 'நிலப்பரப்பு ஓவியம்', 'நிலத்தோற்றம்', 'நிலக்காட்சி' என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். எது சரி என்று சொல்வதற்கு முன் மூலச்சொல்லைப் பார்த்துவிடலாம். அதைப் பலரும் தப்பாகப் பிரிக்கிறார்கள்.

'லேண்ட்' என்றால் நிலம், 'ஸ்கேப்' என்றால் காட்சி, ஆகவே நிலக்காட்சி என்பது வழக்கமான விளக்கம். பாதிதான் சரி. சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அது 'லான்ட்ஸ்காப்'. பின்னால் ஒட்டியிருக்கும் 'ஸ்காப்' காட்சி அல்ல. தன்மை, நிலை என்று பொருள்தரும் வெறும் விகுதி. ஆங்கில 'ஃபிரெண்ட்ஷிப்'பில் வரும் 'ஷிப்' இதன் உடன்பிறப்பு. டச்சிலும் ஜெர்மனிலும் இந்தச் சொல்லின் பழைய பொருள் ஒரு வட்டாரம், ஓர் ஆட்சிப்பகுதி. நம் பழைய வழக்கில் 'சீமை' என்று சொன்னோமே, கிட்டத்தட்ட அது. அதில் ஊர் உண்டு, வயல் உண்டு, அங்கே வாழும் ஆட்களும் உண்டு. பார்த்து ரசிப்பது என்ற எண்ணம் மட்டும் இல்லை.

அந்த எண்ணத்தை ஏற்றியவர்கள் ஓவியர்கள். 1521 மே மாதம் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் ஆன்ட்வெர்ப் நகரில் இருந்தார். அங்கே யோவாகிம் பாட்டினீர் என்ற ஓவியர் தன் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டார். தன் பயணக் குறிப்பில் ட்யூரர் அவரை 'நல்ல லேண்ட்ஸ்கேப் ஓவியர்' என்று எழுதி வைத்தார். ஒரு மனிதரின் தொழிலுக்கே அடையாளமாக இந்தச் சொல் வந்த மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. பாட்டினீரின் படங்களைப் பார்த்தால் காரணம் புரியும். தலைப்பு என்னவோ புனிதர் ஜெரோமாக இருக்கும். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முன்னால் ஒரு பாறை ஓரத்தில் சின்னதாக உட்கார்ந்திருப்பார். மீதியெல்லாம் மலை, காடு, ஆறு, துறைமுகம். மிக உயரத்திலிருந்து பார்ப்பது போல வரைந்திருப்பார். கிட்டத்தில் பழுப்பு, நடுவில் பச்சை, தூரத்தில் நீலம் என்று நிறத்தை மூன்று பட்டையாகப் பிரித்தே தொலைவைக் காட்டிவிடுவார். அந்த நீலத் தூரம் ஐரோப்பிய ஓவியத்தில் நீண்ட காலம் நிலைத்தது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் ஓவியச் சரக்கோடுதான் போனது. இத்தாலிய ஓவிய நூல் ஒன்றின் 1598ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் 'லாண்ட்ஸ்கிப்' என்று தென்படுகிறது. படத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். ஜன்னலுக்கு வெளியே தெரியும் நிஜ வயலையும் குன்றையும் அப்படி அழைத்தது அதற்குப் பல ஆண்டு கழித்து. அதாவது, படம் பார்த்துப் பழகிய கண் நிலத்தைப் பார்த்து 'படம் மாதிரி இருக்கிறதே' என்றது. 'ஸ்கேப்' என்பதைத் தனியே வெட்டியெடுத்து, அதற்குக் காட்சி என்று பொருள் கொடுத்து, 'சீஸ்கேப்', 'சிட்டிஸ்கேப்' என்று ஒட்டவைத்ததும் ஆங்கிலத்தின் வேலை. நாமும் அதையே மூலப்பொருள் என்று நம்பிவிட்டோம்.

ஐரோப்பாவில் நிலம் புனிதர்களுக்குப் பின்திரையாக இருந்த காலத்தில் சீனாவில் அதுவே தலையாய ஓவிய வகை. பெயர் 'ஷான்ஷுய்': மலை, நீர். வேறொன்றும் இல்லை. 1072இல் குவோ ஷீ என்ற ஓவியர் பட்டில் வரைந்த 'இளவேனில்' இன்று தாய்பேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று வகைத் தொலைவு உண்டு என்பது அவர் கொள்கை: அடிவாரத்திலிருந்து உச்சியை நிமிர்ந்து பார்ப்பது ஒன்று, மலையின் முன்னிருந்து அதன் பின்னே ஊடுருவிப் பார்ப்பது ஒன்று, சமமாகத் தூரத்தை நோக்குவது ஒன்று. ஒரே படத்தில் மூன்றும் வரலாம். பார்ப்பவர் ஓரிடத்தில் நிற்க வேண்டியதில்லை, படத்துக்குள் நடந்து போகலாம். 1113இல் வாங் ஷீமெங் வரைந்த நீலப்பச்சைச் சுருள் கிட்டத்தட்ட 12 மீட்டர் நீளம்; அப்போது அவருக்கு வயது 18 என்பார்கள். இந்த மரபை 'லேண்ட்ஸ்கேப்' என்பதே ஒரு சமாதானம்தான். தமிழில் 'மலைநீர் ஓவியம்' என்று நேராகச் சொல்லிவிடலாம்.

டச்சுக்காரர்களிடம் திரும்புவோம், ஏனென்றால் 'இயற்கைக் காட்சி' என்ற தமிழ்ச்சொல் தடுக்கி விழுவது அங்கேதான். 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் சீர்திருத்தத் திருச்சபை சாமிப் படங்களை ஒதுக்கிவிட்டது. தேவாலய ஆர்டர் போனதும் ஓவியர்கள் சந்தைக்கு வந்தார்கள். வியாபாரியும் கைவினைஞரும் வீட்டுச் சுவருக்குப் படம் வாங்கினார்கள். அவர்கள் கேட்டது சொந்த ஊர்ப் படம். யாக்கோப் வான் ரௌஸ்டால் 1670களை ஒட்டி வரைந்த ஹார்லெம் நகரப் படம் ஒன்று ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. சுமார் இரண்டு அடிக்கு இரண்டடி துணி, அவ்வளவுதான். அதில் பெரும்பகுதி மேகம். கீழே வெளிச்சம் திட்டுத்திட்டாக விழும் ஒரு சமவெளி, அடிவானத்தில் தேவாலயக் கோபுரம். முன்னால் புல்வெளியில் வெள்ளைக் கோடு கோடாக என்னவோ கிடக்கிறது. உற்றுப் பார்த்தால் லினன் துணி. மோரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் விரித்துப் போட்டு வெளுப்பது அந்த ஊரின் பெரிய தொழில். சுற்றிலும் எறும்பு அளவில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். இதில் இயற்கை எங்கே? வண்ணான்துறை இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. அந்த நாட்டில் நிலத்திலேயே ஒரு பங்கு ஏரியையும் கடலையும் வற்றவைத்து மனிதர் எடுத்தது. இன்னொரு டச்சு ஓவியர் ஹோபெமா 1689இல் வரைந்த புகழ்பெற்ற சாலைப் படத்தில் நெட்டையாக நிற்கும் மரங்களும் ஆள் வைத்து, ஆள் கவாத்து செய்தவை. 'இயற்கைக் காட்சி' என்றால் இந்தப் படங்களெல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அதே காலத்தில் ரோம் நகரில் குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் க்ளோத் லொரேன் வேறு வழியில் போனார். இரு பக்கமும் மரம், நடுவே பொன் வெயில், தூரத்தில் இடிந்த கோயில். எந்த ஊரும் இல்லாத ஓர் அழகிய ஊர். பாரிஸ் கலைக்கழகம் இதைக்கூட மேலே ஏற்றவில்லை. 1667இல் ஃபெலிபியன் என்ற கலை எழுத்தாளர் வகுத்த தரவரிசையில் புராண, வரலாற்றுப் படங்கள் உச்சியில், நிலம் கிட்டத்தட்ட அடியில். ஆனால் இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கு க்ளோத் மேல் பைத்தியம். சுற்றுலா போனவர்கள் நிஜ மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கறுப்புச் சாயம் பூசிய சின்னக் குவிகண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்த்தார்கள், க்ளோத் படம் போலத் தெரியுமாம். செல்ஃபி எடுப்பவர்களைக் கேலி செய்கிறோம்! அப்புறம் தங்கள் தோட்டத்தையே அந்தப் படம் போல மாற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹம்ப்ரி ரெப்டன் தன்னை 'லேண்ட்ஸ்கேப் கார்டனர்' என்று அழைத்துக்கொண்டார். இன்று அடுக்குமாடி விளம்பரத்தில் 'லேண்ட்ஸ்கேப்டு கார்டன்' என்று போடுகிறார்களே, அந்தப் புல்தரையின் பூர்வீகம் இதுதான். தமிழில் அதற்குத் 'தோட்ட அமைப்பு' போதும்.

இந்தக் கண்ணோட்டம் கப்பலேறி இங்கேயும் வந்தது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் 1780இல் சென்னையில் இறங்கினார். 1792இல் இன்னும் இரண்டு ஆங்கில ஓவியர்கள், தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், தென்தமிழகம் வரை சுற்றினார்கள். அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப்படங்களின் தொகுதியில் பாபநாசம் அருவியும் உண்டு. தொகுதியின் தலைப்பில் அதே 'சீனரி'. தாமிரபரணியை க்ளோத் கண்ணால் பார்த்த படம் என்று சொன்னால் தப்பில்லை.

19ஆம் நூற்றாண்டு எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 22இல் லண்டனின் ஹாம்ஸ்டெட் மேட்டில் மேகங்களை மட்டும் வரைந்து, பின்னால் தேதி, மணி, காற்றடித்த திசை வரை குறித்து வைத்தார். டர்னர் 1844இல் மழைக்குள் ரயிலை ஓடவிட்டார். 1841இல் தகர டியூபில் அடைத்த பெயின்ட்டுக்குக் காப்புரிமை வந்தது. வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓவியர்கள் வயலுக்கே போக முடிந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனே வைக்கோற்போர்களையே காலை, மாலை, பனி, வெயில் என்று திரும்பத் திரும்ப வரைந்தார். நிலம் ஒன்றுதான், பொழுது மாறியது.

நிலமும் பொழுதும் என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். முதற்பொருள் என்று அது சொல்வது அந்த இரண்டையும்தான். அதனால் லேண்ட்ஸ்கேப்புக்குத் 'திணை' என்றே வைத்துவிடலாம் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. திணை என்றால் ஒழுக்கம். நிலம் அதன் ஒரு கூறு. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் மலைச்சாரல் உண்டு, கருங்காம்புக் குறிஞ்சிப்பூ உண்டு, அதிலிருந்து தேனீ இழைக்கும் தேனும் உண்டு. ஆனால் அவை எல்லாம் 'நாடன்' என்ற ஒருவனுக்கு அடைமொழி. தலைவி சொல்ல வருவது அவனோடு கொண்ட நட்பின் அளவை. யாரும் தள்ளி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தள்ளி நின்று பார்ப்பதுதான் லேண்ட்ஸ்கேப்.

'நிலப்பரப்பு' ஏக்கர் கணக்குச் சொல். அதில் கண் இல்லை. 'நிலத்தோற்றம்' நல்ல சொல், ஆனால் புவியியலார் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமே இருக்கட்டும். ஓவியத்துக்கு 'நிலக்காட்சி'யே பொருந்துகிறது. 'ஸ்கேப்' என்பதன் மொழிபெயர்ப்பு என்பதற்காக அல்ல. நிலமும் அதைப் பார்க்கும் ஆளும் இரண்டும் அதில் இருப்பதற்காக. லினன் வெளுக்கும் களத்துக்கும் இடமுண்டு, பாபநாசத்துக்கும் உண்டு. கடற்காட்சி, நகர்க்காட்சி என்று நீட்டவும் வசதி. குழந்தைகள் வரைவது சீனரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பயன்பாடு பாக்கி: தாளைக் குறுக்கே வைத்து அச்சடிக்கும் லேண்ட்ஸ்கேப். பிரெஞ்சு ஓவியத்துணிகளுக்கு நிலையான அளவுகள் உண்டு. 30ஆம் எண் துணி மனித உருவத்துக்கு என்றால் 92க்கு 73 செ.மீ.; நிலக்காட்சிக்கு 92க்கு 65; கடலுக்கு இன்னும் ஒடுக்கமாக 92க்கு 60. அடிவானம் அகலமானது என்ற கணக்கு. ஆனால் குவோ ஷீயின் 'இளவேனில்' ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமாகத் தொங்கும் சுருள், அகலம் அதைவிடக் குறைவு. ஆகவே கணினி மெனுவில் இதை 'நிலக்காட்சி' என்று மொழிபெயர்ப்பது வீண். அங்கே 'அகலவாக்கு', 'நீளவாக்கு' என்று போட்டால் எல்லாருக்கும் புரியும்.