என்னோடு இருக்கும் ஆசை, என்மேல் ஏறும் ஆசை

வீட்டுக்குப் போக ஆசை என்பதை ஐரிஷ் மொழியில் "இஸ் மீயன் ல்யும் துல் அவால்யெ" என்பார்கள். இந்த வாக்கியத்தில் 'நான்' எழுவாயாக வரவில்லை. 'ஆசைப்படு' என்று ஒரு வினையும் இதில் இல்லை. 'மீயன்' என்பது ஆசையைக் குறிக்கும் பெயர்ச்சொல். 'ல்யும்' என்றால் என்னோடு. ஆக, வீட்டுக்குப் போவது என்னோடு இருக்கும் ஆசை. அவ்வளவுதான் வாக்கியம்.

மீயன் பழைய ஐரிஷ் காலத்திலிருந்தே புழங்கும் சொல். ஆங்கிலத்தின் 'மீன்' (கருது), ஜெர்மனின் 'மைனன்' (நினை) ஆகியவற்றுக்கும் இதற்கும் வேர் ஒன்றே என்கிறார்கள் மொழியியலாளர்கள். நினைப்பு ஆசையாக மாறியதில் வியப்பில்லை. 'அவனுக்கு எப்போதும் அவள் நினைப்புதான்' என்று நாம் சொன்னால் அது வெறும் ஞாபகமா என்ன?

இனி 'ல்யும்'. 'லெ' என்றால் உடன். அது ல்யும் (என்னோடு), ல்யத் (உன்னோடு), லெஷ் (அவனோடு), லேய் (அவளோடு) என மாறும். தமிழில் உருபைத் தனியே பிரித்துக் காட்டிவிடலாம். இங்கே அது பிரதிப்பெயரோடு கரைந்தே போய்விட்டது. இறந்தகாலத்தில் சொல்லின் தலையே மாறும்: 'பா வீயன் ல்யும்'. முன்னால் வரும் 'பா' மகரத்தை மென்மையாக்கி வகரமாக்குகிறது. இதே தொடருக்கு 'ஆசைப்பட்டேன்' என்றும் பொருள், 'விரும்புவேன்' என்று பணிவாகக் கேட்பதாகவும் பொருள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. எல்லா ஆசையும் 'என்னோடு' இருப்பதில்லை. திடீரென்று ஒன்றைச் செய்யத் தோன்றினால் 'தா ஃபொன் ஒரம்', அதாவது ஆசை என்மேல் இருக்கிறது. பசியும் துக்கமும் ஜலதோஷமும் இப்படித்தான்: 'தா ஒக்ரஸ் ஒரம்', பசி என்மேல். கடன்கூட ஆள்மேல்தான் ஏறி உட்காரும். 'ஃபொன்' என்ற சொல்லுக்கு ராகம், மெட்டு என்றும் பொருள் உண்டு. மூன்றாவதாக 'தூல்', ஒரு பொருளின் மீதுள்ள நாட்டம். அது 'அகம்', அதாவது என்னிடம் இருக்கும். (நம் அகம் போலவே ஒலிக்கிறது, உறவு ஏதுமில்லை.) அதன் முன்னால் மிகுதியைக் காட்டும் 'அன்' சேர்த்து 'அன்தூல்' என்றால் போதைப் பழக்கம்.

நாம் பசி, காய்ச்சல், ஆசை மூன்றையும் 'எனக்கு' என்ற ஒரே உருபில் அடக்கிவிடுகிறோம். ஐரிஷ்காரர் அப்படிச் செய்வதில்லை. நாமாக விரும்பியது பக்கத்தில் நிற்கும், தானாக வந்தது மேலே ஏறும்.

பதில் சொல்வதில் மட்டும் அவர்கள் நமக்கு நெருக்கம். ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச்சொற்கள் ஐரிஷில் இல்லை. 'அன் மீயன் ல்யத்?' (உனக்கு ஆசையா?) என்று கேட்டால் 'இஸ் மீயன்' என்பதே பதில். வேணுமா? வேணும்.