தரவறிவியலாளர்: ஒரு சொல் விளக்கம்

சிங்கப்பூரில் ‘டேட்டா’ என்றால் கைப்பேசிக்கு மாதக் கட்டணம் கட்டி வாங்குவதுதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். வானியல் ஆய்வில் ‘டேட்டா சயன்டிஸ்ட்’ வேலை கிடைத்திருப்பதாக என் அக்காள் மகள் சொன்னபோது, “தொலைபேசி நிறுவனத்திலா, கண்ணு?” என்று என் தாயார் கேட்டதும் அதனால்தான். ‘தரவு’ என்று சொல்லியிருந்தால் விளக்குவது எளிதாகியிருக்கும்.

‘டேட்டா’ இலத்தீன் சொல். ‘கொடு’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. ‘கொடுக்கப்பட்டவை’ என்பதே அதன் நேர்ப்பொருள். தமிழில் ‘வரு’ என்பதிலிருந்து ‘வரவு’ வந்தது போலவே, ‘தரு’ என்பதிலிருந்து ‘தரவு’ வந்தது. ‘டேட்டா’, ‘தரவு’ இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே ஒரே பொருளை வந்தடைந்த சொற்கள். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். ஆகவே இது புதிதாக ஆக்கிய சொல் அன்று, பழஞ்சொல் ஏற்ற புதுப்பொருள்.

எந்தத் துறையைவிடவும் வானியலுக்கே இச்சொல் மிகவும் பொருந்துகிறது என்பது என் கருத்து. வேதியியலார் வேண்டிய பொருளைக் குடுவையில் கலந்து பார்க்கலாம்; வானியலாரோ விண்மீனைத் தொட இயலாது, அது தரும் ஒளியைப் பெற்றுக்கொள்ள மட்டுமே இயலும். அந்த வரவு இன்று மலைபோல் பெருகிவிட்டது: விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் 2022 தரவு வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்கள் இடம்பெற்றன, சிலியிலுள்ள வேரா ரூபின் ஆய்வகத்தின் 3,200 மெகாபிக்சல் கேமரா ஓர் இரவில் ஏறத்தாழ 20 டெராபைட் தரவைத் தரவல்லது. அந்த மலைக்குள் தேடுவதோ மிகச் சிறியது: சூரியனை ஒத்த விண்மீனின் முன்னால் பூமியளவுக் கோள் ஒன்று கடக்கும்போது அதன் ஒளி ஏறத்தாழ 12,000இல் ஒரு பங்குதான் குறைகிறது. ஒளியளவின் வரைபடத்தில் மயிரிழையாகத் தெரியும் அந்தச் சரிவு கோளால் வந்ததா, விண்மீனின் கரும்புள்ளியால் வந்ததா, கருவியின் பிழையால் வந்ததா என்று பிரித்தறிவதே தரவறிவியலாளரின் பணி. கெப்ளர்-90 விண்மீனின் எட்டாவது கோள், கெப்ளர் தொலைநோக்கி முன்பே திரட்டி வைத்திருந்த தரவிலிருந்துதான், நரம்பு வலையமைப்பு என்னும் தானே கற்கும் கணினி நிரலின் துணையால், 2017இல் வெளிப்பட்டது. மேகமும் விளக்கொளியும் மறைக்கும் சிங்கப்பூர் வானத்தின் கீழ் இருந்துகொண்டே இப்பணியைச் செய்ய முடிவதும் இதனால்தான்.

‘தரவு அறிவியல்’ என்னும் பொருள்படும் தொடரை 1974இல் தம் நூலில் எடுத்தாண்ட டென்மார்க்கின் பீட்டர் நார், கணினித் துறைக்கு வருமுன் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

‘டேட்டா சயன்டிஸ்ட்’ என்பதைத் ‘தகவல் விஞ்ஞானி’ என்று பெயர்ப்பது பொருந்தாது. உணரியில் பதிவான எண்கள் தரவு. அவற்றை ஆய்ந்த பின், அங்கே ஒரு கோள் இருக்கிறது என்று நாம் அறிவது தகவல். ‘கதவு’, ‘அழகு’ இரண்டும் சேர்ந்து ‘கதவழகு’ ஆவது போல, ‘தரவு’, ‘அறிவியலாளர்’ இரண்டும் புணர்ந்து ‘தரவறிவியலாளர்’ ஆகும். பிரித்துத் ‘தரவு அறிவியலாளர்’ என எழுதினாலும் தவறில்லை. என் தாயாருக்கு அவ்வளவு நீளம் தேவைப்படவில்லை. “நட்சத்திரம் தருவதற்குக் கணக்குப் பார்க்கிறாள்” என்று அண்டை வீட்டாரிடம் சொல்லி வருகிறார்.