13,000 எலும்புல இருந்து ஒவ்வொருத்தர் பேரையும் எப்படி மீட்டாங்க?

1941 டிசம்பர் 7, ஹவாய் தீவுல இருக்கிற பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்து மேல ஜப்பான் நடத்துன தாக்குதல்ல யுஎஸ்எஸ் ஓக்லஹோமாங்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் மேல வரிசையா டார்பிடோ பாஞ்சு, பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல கப்பல் கவுந்துடுச்சு. 429 பேர் இறந்துபோனாங்க. கவுந்த கப்பலை நிமிர்த்தவே 1943 ஆயிடுச்சு, அதுவரைக்கும் கடல்தண்ணியும் எரிபொருள் எண்ணெயும் கலந்து தேங்கி நின்ன அறைகளுக்குள்ள உடம்பெல்லாம் கிடந்து, எலும்புங்க தனித்தனியா கழண்டு ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு. வெளிய எடுத்தப்போ யாரோட கை யாரோட கால்னு சொல்லவே முடியலை. அப்போ பேர் சொல்ல முடிஞ்சது வெறும் 35 பேருக்குத்தான்.

மத்தவங்களை ஹவாய்லயே புதைச்சாங்க, 1947-ல தோண்டி எடுத்து இன்னொரு தடவை முயற்சி பண்ணாங்க. அப்போ பல் ரெக்கார்டை வெச்சு 27 பேரை அடையாளம் சொல்லியும், மண்டையோடு மட்டும் போதாது, முழு உடம்பு வேணும்னு அதிகாரிங்க ஏத்துக்கலை. எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது, ஏன்னா பேர் தெரிஞ்சும் அந்த 27 பேரை அடையாளம் தெரியாதவங்கன்னே ஹோனலூலு பஞ்ச்பவுல் கல்லறைத் தோட்டத்துல புதைச்சுட்டாங்க.

பேர்ல் ஹார்பர் தாக்குதல்ல உயிர்தப்பின ரே எமரிங்கிறவர் பழைய ஃபைல்களை விடாம தோண்டித் துருவுனதாலதான் 2003-ல பஞ்ச்பவுல்ல ஒரே ஒரு சவப்பெட்டியைத் தோண்டித் திறந்தாங்க. சில பேரோட எலும்புதான் இருக்கும்னு நெனச்ச பெட்டிக்குள்ள கிட்டத்தட்ட 100 பேரோட எலும்பு கலந்து கிடந்துச்சு. ஒரு பெட்டியை மட்டும் திறந்தா எதையும் முழுசா முடிக்க முடியாது, எல்லாத்தையும் ஒண்ணா எடுத்தாத்தான் ஒருத்தரோட தொடை எலும்பையும் தோள் எலும்பையும் சேர்க்கவே முடியும்னு அப்போதான் புரிஞ்சுது. 2015-ல, அதுக்குள்ள பேர் கிடைச்ச ஒரு சிலர் போக மிச்சம் இருந்த 388 பேருக்காக எல்லா கல்லறையையும் தோண்டி, கிட்டத்தட்ட 13,000 எலும்பை அமெரிக்காவோட நெப்ராஸ்கா மாநிலத்துல இருக்கிற லேபுக்குக் கொண்டுபோனாங்க.

டிஎன்ஏ டெஸ்ட் பண்ணா பேர் வந்துடும்னுதான் நாம நெனைக்கிறோம், ஆனா எலும்புல யார் பேரும் எழுதியிருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சாம்பிள் வேணும். முதல்ல எலும்போட மேல்பரப்பைத் தேச்சு சுத்தம் பண்ணி, சின்னத் துண்டா வெட்டி, பவுடராக்கி, சுண்ணாம்புச் சத்தைக் கரைச்சு டிஎன்ஏவைப் பிரிக்கிறாங்க. செல்லோட நியூக்ளியஸ்ல இருக்கிற டிஎன்ஏ ரெண்டே காப்பிதான், ஆனா செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியால இருக்கிறது நூத்துக்கணக்குல, சிலதுல ஆயிரக்கணக்குல இருக்கும், அதனால 70 வருஷம் கழிச்சும் துண்டு துண்டாவாவது எதாவது மிஞ்சியிருக்கும். இந்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ அம்மா வழியா மட்டும்தான் வரும். அதனால வீரரோட சொந்த மகனோ மகளோ குடுக்கிற சாம்பிள் இந்த டெஸ்ட்டுக்கு உதவாது, அவரோட அக்கா தங்கச்சி, அவங்க பிள்ளைங்க, பெரியம்மா சித்தி பிள்ளைங்க இப்படித் தேடணும். கல்யாணம் ஆகி பேர் மாறி, ஊர் மாறிப்போன பொண்ணுங்க வழியா மூணு தலைமுறை கீழ வந்து ஒரு ஆளைக் கண்டுபிடிச்சு, கன்னத்துக்குள்ள பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் வாங்குறதுன்னா அது லேப் வேலையை விடக் கஷ்டமான வேலைன்னுதான் நான் சொல்லுவேன்.

அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஐரோப்பிய வம்சாவளியில சில மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எழுத்து வரிசைங்க ரொம்ப சகஜம், ஒரே கப்பல்ல பல பேருக்கு ஒரே வரிசை வந்துடும். விஸ்கான்சின் மாநிலத்துல இருந்து வந்த மூணு அண்ணன் தம்பிங்க இந்தக் கப்பல்ல ஒண்ணா வேலை பாத்து ஒண்ணா இறந்தவங்க, மூணு பேருக்கும் அம்மா வழி டிஎன்ஏ ஒண்ணு, அப்பா வழி ஒய் குரோமோசோமும் ஒண்ணு! இந்த மாதிரி இடத்துல நியூக்ளியர் டிஎன்ஏ, பல், வயசு, உயரம் எல்லாம் சேர்ந்தாத்தான் ஆளைப் பிரிச்சுச் சொல்ல முடியும். தொடை எலும்போட நீளத்துல இருந்து உயரத்தைக் கணக்குப் போடுற ஃபார்முலாவுக்கே அடிப்படை மில்ட்ரட் ட்ராட்டர்ங்கிற உடற்கூறு விஞ்ஞானி அதே ஹவாய்ல இரண்டாம் உலகப்போர்ல இறந்தவங்க எலும்பை அளந்து எடுத்த கணக்குதான்.

கொரியப் போர்ல இறந்த அமெரிக்க வீரர்களோட கதை வேற. கெடாம இருக்கணும்னு அவங்க எலும்புல பூசின ஃபார்மலின் கலந்த கெமிக்கல் டிஎன்ஏவைக் கெடுத்துடுச்சு, பழைய முறைல டெஸ்ட் பண்ணா ஒண்ணுமே வராது. அங்க கைகுடுத்தது ஒரு காலத்துல ராணுவத்துல ஆட்களைச் சேர்க்கும்போது டிபி இருக்கான்னு பாக்க எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே. கழுத்துக்குக் கீழ இருக்கிற காறை எலும்போட வளைவும் விளிம்பும் ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருக்கும், அதைக் கல்லறைல கிடைச்ச எலும்போட எக்ஸ்ரேவோட வெச்சுப் பாத்தே நிறைய பேரைக் கண்டுபிடிச்சாங்க. 2016-க்கு அப்புறம் டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கிற புது சீக்வென்சிங் முறை வந்து, அந்தக் கெட்டுப்போன டிஎன்ஏவோட குட்டிக்குட்டித் துண்டுகளையும் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஓக்லஹோமால கடைசியா 33 பேருக்குத்தான் பேர் கிடைக்கலை, அவங்களை 2021 டிசம்பர் 7 அன்னைக்கு மறுபடியும் பஞ்ச்பவுல்லயே புதைச்சாங்க. பேர் கிடைச்ச மத்தவங்க குடும்பங்களுக்கு ஒரு ஃபாரம் குடுத்தாங்க, பின்னாடி இன்னொரு எலும்பு அவரோடதுன்னு தெரிஞ்சா திரும்பச் சொல்லணுமா, இல்ல முதல்ல கிடைச்சதோட போதுமான்னு. சில வீட்ல ஒவ்வொண்ணையும் சொல்லுங்கன்னு கேக்கலாம், சில வீட்ல ஒரு தடவை அடக்கம் பண்ணியாச்சு போதும்னு சொல்லலாம், அதை லேப் முடிவு பண்ணாம குடும்பத்துக்கிட்டயே விட்டது ரொம்ப சரி.