பாஸ்வேர்டை மட்டும் மறைத்தால் போதாது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து கோவைக்கு பஸ் ஏறும் ஐடிக்காரர்களில் மெயின்பிரேம் என்ற பெருங்கணினியைப் பார்க்கிறவர்களும் உண்டு. ஒரு மெயின்பிரேமில் உருவான கணக்குக் கோப்பை இன்னொன்றுக்கு அனுப்ப அவர்களுக்குப் பழகிய வழி எப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை. இதன் முதல் வடிவத்தை 1971-ல் எழுதியவர் கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண். மறையாக்கம் (பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றுவது) என்ற பேச்சே அதில் கிடையாது. பயனர் பெயர், பாஸ்வேர்டு, கோப்பு எல்லாமே திறந்தபடிதான் போகும்.

“நம் டேட்டா எப்சிடிக்கில் இருக்கிறது, வெளியாளுக்கு என்ன புரியும்?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எப்சிடிக் என்பது மெயின்பிரேம் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை; மற்ற கணினிகளில் பழகியது ஆஸ்கி. ஆங்கிலப் பெரிய ‘ஏ’ ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. அவ்வளவுதான் வித்தியாசம். அட்டவணை வைத்திருப்பவன் வாசித்துவிடுவான்.

சரி, இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையைச் சேர்த்தால்? சர்வர் தான் யார் என்பதற்குச் சான்றிதழைக் காட்டும். இரு பக்கமும் அந்த இணைப்புக்கு மட்டுமான ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும். ஐபிஎம்மின் மெயின்பிரேம் இயங்குதளமான இசட்ஓஎஸ்ஸில் இதை, நெட்வொர்க்கைக் கவனிக்கும் டிசிபி/ஐபி அடுக்கே செய்துகொடுக்கும் வசதி உண்டு, பெயர் ஏடி-டிஎல்எஸ். ராக்ஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளின் சாவிவளையத்தில் சான்றிதழைப் போட்டு, பாலிசியில் விதி எழுதினால் பெரும்பாலான புரோகிராம்களில் கை வைக்க வேண்டியதில்லை.

சிக்கல் எப்டிபியின் கட்டமைப்பில் இருக்கிறது. அதற்கு இரண்டு இணைப்புகள்: கட்டளைக்கு 21-ஆம் போர்ட் (எண்ணிட்ட வாசல்), கோப்புக்குத் தனியாக இன்னொன்று. டிஎல்எஸ் தொடங்கினால் முதலாவதுதான் மறையாக்கப்படும். ‘ப்ராட் பி’ என்ற கட்டளையைத் தனியாகக் கொடுக்காவிட்டால் கோப்பு திறந்தே போகும். லாகில் லாகின் பாதுகாப்பாக நடந்ததாக இருக்கும். பார்ப்பவரும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதைவிட மோசமான நிலை எனக்குத் தெரிந்து இல்லை. பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தாலாவது ஆள் உஷாராக இருப்பான்.

இரண்டையும் மறையாக்கியதும், நெட்வொர்க்கின் காவலாளியான ஃபயர்வால் மக்கர் செய்யும். ஜிஎஸ்டிக்கு முன் வாளையார் செக்போஸ்ட்டில் சரக்குச் சீட்டைப் படித்துத்தான் லாரியை விடுவார்கள். ஃபயர்வாலும் அப்படித்தான்: கட்டளை இணைப்பில் ஓடும் போர்ட் எண்ணைப் படித்து, அந்த வாசலை மட்டும் திறந்துவிடும். இப்போது சீட்டே உறைக்குள். லாகின் ஆகும், கோப்புப் பட்டியல் கேட்டதும் அப்படியே நிற்கும். நள்ளிரவில் தூக்கம் கெடுக்கும் இந்தக் கோளாறுக்குச் சான்றிதழில் காரணம் தேடிப் பயனில்லை. டேட்டா இணைப்புக்கான போர்ட் வரம்பை சர்வரில் குறுக்கி, அதே வரம்பை ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். நடுவில் ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடும் இருந்தால் ‘ஈபிஎஸ்வி’ கட்டளை உதவும். அதன் பதிலில் ஐபி முகவரி வராது, போர்ட் எண் மட்டுமே வரும்.