கேமராத் திரையில் பார்த்தது ரா கோப்பு இல்லை

முகூர்த்த சீசன் வந்தால் நெல்லையின் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை ஸ்டுடியோக்களில் இதே புகார்தான். மண்டபத்தில் கேமராத் திரையில் காட்டியபோது அரக்காக இருந்த கூறைப்பட்டு, கம்ப்யூட்டரில் திறந்த மறுநொடி வெளிறிவிட்டதாம். "லைட்ரூம் கலரத் தின்னுட்டு" என்று மென்பொருளை மாற்றுகிறார்கள். கேமராவையே விற்கக் கிளம்புகிறவர்களும் உண்டு.

எந்த மென்பொருளும் எதையும் தின்னவில்லை. கேமராத் திரையில் நீங்கள் பார்த்தது, ரா கோப்புக்குள் (சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும், பதப்படுத்தாத கோப்பு) கேமரா பதித்து வைக்கும் ஜேபெக், அதாவது கேமராவே நிறம் சேர்த்து முடித்த படம். லைட்ரூமில் முதல் நொடி தெரிவதும் பெரும்பாலும் அதுதான். பிறகே லைட்ரூம் தன் கணக்கில் படத்தை உருவாக்குகிறது. ரா கோப்பில் நிறம் இன்னும் முடிவாகவில்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளந்து வைக்கிறது. மற்ற இரண்டையும் கணிப்பது, எந்தச் சிவப்பை அரக்காகக் காட்டுவது, நிழலை எவ்வளவு தூக்குவது எல்லாம் திறக்கும் மென்பொருளின் தீர்மானம். லைட்ரூம் வழக்கமாக அடோபி கலர் என்ற ப்ரொஃபைலில் (எந்த நிறத்தை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு) திறக்கும். கேப்சர் ஒன் என்ற இன்னொரு மென்பொருள், தானே தயாரித்த ப்ரொஃபைலைப் போடும். கேமராவில் வைத்த நிற அமைப்பை, அதாவது பிக்சர் ஸ்டைலை கேனனின் சொந்த மென்பொருளான டிபிபியும், பிக்சர் கண்ட்ரோலை நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோவும் அப்படியே பின்பற்றும். கேமரா நிறம்தான் வேண்டுமென்றால் லைட்ரூமில் ப்ரொஃபைலை கேமரா மேட்சிங்குக்கு மாற்றுங்கள், ஏறக்குறைய கிடைத்துவிடும்.

நிக்கான்காரர்களுக்குத் தனியாக ஒன்று: ரா எடுக்கும்போது ஆக்டிவ் டி-லைட்டிங்கை அணைத்துவிடுங்கள். வெள்ளை வேட்டி வெளுக்காமல் இருக்க அது வெளிச்சத்தைக் குறைத்தே எடுக்கும். அந்தக் கணக்கு வெளி மென்பொருளுக்குத் தெரியாததால் படம் இருட்டாகத் திறக்கும்.

இரண்டு மென்பொருளை ஒப்பிடுவதானால் ஒழுங்காக ஒப்பிடுங்கள். லைட்ரூம் ஷார்ப்பனிங்கை 40-லும், கலர் நாய்ஸ் குறைப்பை 25-லும் வைத்துத் திறக்கும். இரு பக்கமும் இவற்றைப் பூஜ்யமாக்காமல் "இது கூர்மை, அது மொழுக்" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அளவு) இங்கே 5200 கெல்வின் என்றால் அங்கேயும் அதே எண்ணைப் போடுவதும் தவறு; ஒரே எண் இரண்டிலும் ஒரே நிறத்தைத் தராது. மண்டபத்து வெளிச்சத்தில் ஒரு கிரே கார்டை (நிறம் கலக்காத சாம்பல் அட்டை) படம் எடுத்து, இரண்டிலும் அதன்மேல் ஒயிட் பேலன்ஸ் பிக்கரை வையுங்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து மஞ்சள் மூக்கு நாரையின் இளஞ்சிவப்பு இறகுக்கும் இதே முறைதான்.

எந்த மென்பொருளாலும் மீட்க முடியாதது ஒன்று உண்டு. மேடையின் சிவப்பு எல்இடி விளக்கில் பட்டின் சிவப்புச் சேனல் நிரம்பிவிட்டால், ஜரிகைக்கு அருகே இருக்கும் மடிப்பெல்லாம் கரைந்துபோகும். அந்த இடம் ஒரு மென்பொருளில் ஆரஞ்சாகவும் இன்னொன்றில் ரோஸாகவும் வரும். கேமராவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை (மூன்று நிறங்களின் வெளிச்ச வரைபடம்) பார்த்து, சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறையுங்கள்.

ஆல்பம் டிசைனருக்கு ரா கோப்பை பென் டிரைவில் கொடுத்துவிட்டு, "நான் வச்ச கலர் எங்க?" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. லைட்ரூமில் செய்த கலர் திருத்தம் வெறும் ரா கோப்போடு கேப்சர் ஒன்னுக்குப் போகாது. முடித்த படத்தை 16 பிட் டிஃப்பாக ஏற்றுமதி செய்து, அதைக் கொடுங்கள்.