குட்டைத் தூண்கள் கொடுத்த இரட்டை வளைவு

ஸ்பெயினின் கோர்தோபா பெரிய பள்ளிவாசலின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. வெறும் அலங்காரம் மாதிரி தெரியும். உண்மையில் தூண் குட்டையாக இருந்ததால் வந்த ஏற்பாடு அது.

சிரியாவில் உமய்யா அரச வம்சத்தின் ஆட்சி கவிழ்ந்தபோது உயிர்தப்பி ஓடிவந்த முதலாம் அப்துர் ரஹ்மான், 785 வாக்கில் இதைக் கட்டத் தொடங்கினார். தூண்களில் பெரும்பாலானவை பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத் மக்களின் கட்டடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்தவை. நிறம் ஒன்றாக இல்லை, தூண்தலைகளும் ஒன்றுபோல் இல்லை. முக்கியமாக, உயரம் போதவில்லை. அவற்றின் மேல் நேராகக் கூரையைப் போட்டால் அவ்வளவு அகலமான கூடம் தலையில் இடிக்கிற மாதிரி தாழ்ந்து இருண்டு போகும்.

சரி, தூணின் தலையில் இன்னொரு தூணை ஏற்றிவிடலாமே? ஏற்றினார்கள். ஆனால் ஒல்லியான பளிங்குத் தூணின் மேல் தடித்த செவ்வகக் கல்தூண் நின்றால் தலைகனம் தாங்காமல் ஆடும். அதைத் தடுக்கத்தான் கீழ் வளைவு. லாட வடிவம், அதன் மேல் சுவர் கிடையாது, வெறும் காற்றுதான்; பக்கத்துப் பக்கத்துத் தூண்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயாதபடி நடுவில் முட்டுக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. கூரையின் பாரத்தைச் சுமப்பது மேலே இருக்கும் அரைவட்ட வளைவு. அதற்கு மேலுள்ள சுவரில்தான் மழைநீர் ஓடும் வாய்க்காலும் இருக்கிறது. ஸ்பெயினின் மெரிதா ஊரில் இருக்கும் ரோமானிய நீர்ப்பாலத்திலும் உயரமான தூண்களை இப்படித்தான் நடுநடுவே வளைவால் பிணைத்திருக்கிறார்கள், யோசனை அங்கிருந்து வந்திருக்கலாம் என்று பலர் சொல்வதில் எனக்கும் நம்பிக்கை உண்டு.

வளைவு என்றாலே பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். வரிசையில் அடுத்த வளைவு எதிர்த்துத் தள்ளுவதால் நடுத்தூண்களுக்குக் கவலையில்லை. கடைசியில் மிஞ்சும் தள்ளலைத் தடித்த வெளிச்சுவர் வாங்கிக்கொள்கிறது.

இந்த முறையின் வசதி, இதே வரிசையை நீட்டிக்கொண்டே போகலாம். பின்னால் ஆண்ட கலீஃபா இரண்டாம் ஹகம் 962 வாக்கில் தெற்கே நீட்டினார். 987 வாக்கில், அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்மன்சூர் கிழக்கே எட்டு வரிசை சேர்த்தார். இன்றைக்கு 850-க்கு மேல் தூண்கள். 1236-ல் ஊர் கிறிஸ்தவர்கள் கைக்கு மாறி இது தேவாலயமானது, 16-ம் நூற்றாண்டில் நடுவிலேயே ஒரு பேராலயத்தையும் எழுப்பினார்கள்.

அப்புறம் அந்தப் பட்டை. பழைய பகுதியில் சிவப்பு என்பது செங்கல், வெள்ளை என்பது கல், மாற்றி மாற்றி அடுக்கியது. அல்மன்சூர் பகுதிக்குப் போய்க் கிட்டத்தில் பாருங்கள்: எல்லாமே கல், செங்கல் வரவேண்டிய இடத்தில் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள்.